பனி சரியாகப் பெய்யாத பருவத்தில் ஸ்கீயிங்: புதிதாக வருகிறவர்களுக்கு

போன வருஷம்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தீர்கள். இந்த வருஷம் சொந்தமாக பூட்ஸ் வாங்கி, சீசன் பாஸும் எடுத்தாயிற்று, ஆனால் மலையில் பனியைக் காணோம். வானிலை ஆப்பைத் திறந்தால் மழை, ரிசார்ட்டின் நிலவரத்தைப் பார்த்தால் பாதி லிஃப்ட் மூடிக்கிடக்கிறது. இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, இந்த வருஷம் போச்சு என்று ஸ்கீயை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால் எப்போதும்போலக் கிளம்பிப் போய், காலை 9 மணிக்கு ஐஸாக இறுகிப்போன பாதையில் விழுந்து எழுந்து, மனம் வெறுத்துத் திரும்புகிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை. மோசமான பருவத்திலும் நல்ல நாட்கள் உண்டு, அவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும்: எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்று பாருங்கள். பாறை இல்லாத புல்வெளிச் சரிவில், இயந்திரம் ஓட்டி நன்றாக அழுத்திய 30 சென்டிமீட்டர் பனி இருந்தாலே பாதையில் தாராளமாகச் சறுக்கலாம். அதற்கு அடியில் இன்னும் ஒரு மீட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மேலே உள்ள சில சென்டிமீட்டர்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கிறது, அந்த மேல்பரப்பை உருவாக்குவது குளிரும் வெயிலும் ஈரப்பதமும்தான்.

முதல் வேலை: இரவைப் படிக்கக் கற்றுக்கொள்வது

பகல் வெப்பநிலையையும் மழையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, இரவில் மேகம் உண்டா இல்லையா, காற்றின் ஈரப்பதம், பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில் நிற்கிறது, இந்த நான்கும் வேண்டும். மலைப்பகுதிக்கென்று தனியாகக் கொடுக்கும் முன்னறிவிப்புகளில் இவை பெரும்பாலும் இருக்கும்.

மேகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். தெளிந்த வானம் உள்ள இரவில் பனியின் மேல்பரப்பு தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது, அதனால் காற்று பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும் பரப்பு உறைந்துவிடும். அதே வெப்பநிலையில் மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி திரும்பக் கீழே வருகிறது, பனி இரவு முழுக்க ஊறிக்கிடந்து காலையில் சொதசொதவென்று இருக்கும், இயந்திரம் ஓட்டினாலும் கெட்டிப்படாது. ஆகவே ஆப்பில் இரண்டு நாட்களுக்கும் ஒரே எண் இருந்தாலும், மேகமில்லாத இரவுக்கு அடுத்த நாளைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தாலே உங்கள் நாட்களில் வீணாவது வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது உயரம். சராசரியாக 1,000 மீட்டர் மேலே போனால் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரம் 1,200 மீட்டரில் +5 டிகிரி என்றால், 2,500 மீட்டரில் கிட்டத்தட்ட −3.5 இருக்கும். கீழே மழை பெய்கிறது என்பதற்காக மேலேயும் மழைதான் என்று நினைக்க வேண்டாம். பூஜ்ய டிகிரிக் கோட்டுக்கு இன்னும் 200, 300 மீட்டர் கீழே வரைகூட பனியாகவே விழும், உருகி மழையாக மாற அவ்வளவு தூரம் அதற்குத் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கு தலைகீழாகும் நாட்களும் உண்டு: காற்றில்லாத, தெளிந்த குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, கீழே உறைபனியும் மேலே இளவெயிலுமாக இருக்கும். அந்த நாட்களில் தாழ்வான சின்ன ரிசார்ட்டுகள் நன்றாகவே ஓடும்.

ஸ்னோ கன் எப்போது வேலை செய்யும்

பனி பெய்யாத வருஷத்தில் உங்கள் காலடியில் இருப்பது பெரும்பாலும் இயந்திரம் செய்த பனிதான். அதை மட்டமாக நினைக்காதீர்கள், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுவதுமே செயற்கைப் பனியில்தான் நடந்தது. ஆனால் அது எப்போது உருவாகிறது என்று தெரிந்தால் எப்போது போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்னோ கன் தண்ணீரை நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டும். பறக்கும்போதே துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர வைக்கிறது, காற்று வறண்டிருந்தால் இது வேகமாக நடக்கும். அதனால்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் சாதாரண வெப்பநிலையைவிட, ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள். அது சுமார் −2 அல்லது −2.5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்று நன்றாக வறண்டிருந்தால் பூஜ்யத்துக்குச் சற்று மேலேகூட பனி செய்ய முடியும், ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் −1 டிகிரியில்கூட உருப்படியாக வராது.

ஆக, குளிர்ந்த, வறண்ட இரவுகள் தொடர்ந்து இரண்டு மூன்று வந்தால் அதற்கு அடுத்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு அடுத்த காலையே ஓட வேண்டாம். செய்த பனியைப் பெரிய குவியலாக விட்டு, அதிலுள்ள நீர் வடிந்த பிறகுதான் பாதை முழுக்கப் பரப்புவார்கள். இன்னொன்று, புதிதாகப் பெய்த இயற்கைப் பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது, செயற்கைப் பனி 400 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். அடர்த்தி அதிகம் என்பதால் வெயிலையும் மழையையும் கூடுதலாகத் தாங்கும், அதே காரணத்தால் இறுகினால் பயங்கரமாக இறுகும். அதற்கான வித்தையைக் கீழே சொல்கிறேன்.

எங்கே போவது

உயரமான இடம், அது எல்லோருக்கும் தெரிந்த பதில். ஆல்ப்ஸில் வால் தோரன்ஸ் கிராமமே 2,300 மீட்டரில் இருக்கிறது, ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் 3,250 மீட்டர் வரை லிஃப்ட் போகிறது, ஸெர்மாட்டில் 3,883 மீட்டர் வரை. ஆனால் மோசமான பருவத்தில் எல்லோரும் இந்த இடங்களுக்குத்தான் வருவார்கள், வரிசையும் நெரிசலும் தாங்காது. பலத்த காற்று அடித்தால் மேல் லிஃப்ட்டுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். 3,000 மீட்டருக்கு மேலே முதல் நாள் தலைவலியும் மூச்சுவாங்குதலும் வரலாம், அந்த நிலையில் புதிய பயிற்சி எதுவும் வேண்டாம், மெதுவாகச் சறுக்கி, நிறையத் தண்ணீர் குடித்து, சீக்கிரம் இறங்கிவிடுங்கள்.

உயரம் மட்டுமே எல்லாம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பின்லாந்தின் லெவி மலை உச்சி 531 மீட்டர்தான், ஆனால் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருப்பதால் அங்கே குளிர் கிடைக்கிறது. அப்புறம் தரை. உயரத்தில் இருக்கும் பாறைச் சரிவை மூட ஒரு மீட்டர் பனி தேவைப்படும்போது, தாழ்வில் உள்ள புல்வெளிச் சரிவு கால்பங்கு, அரைப்பங்கு பனியில் திறந்துவிடும். கோடையில் மாடு மேயும் சரிவு என்றால் நல்ல அடையாளம். வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவுகள் வெயில் படாமல் பனியைப் பாதுகாக்கும், தெற்கு பார்த்தவை முதலில் கரையும். ரிசார்ட் வரைபடத்தில் எந்தச் சரிவு எந்தத் திசை பார்க்கிறது என்று ஒரு முறை உட்கார்ந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பருவம் முழுக்க உதவும்.

முடிந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். 2023 புத்தாண்டு சமயத்தில் ஐரோப்பாவில் அசாதாரண வெப்பம், ஆல்ப்ஸின் தாழ்வான ரிசார்ட்டுகள் பல மூடிக்கிடந்தன, அந்த ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் நடந்த உலகக்கோப்பைப் பந்தயம் சுற்றிலும் பழுப்புப் புல்லும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டையுமாக நடந்தது. காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில்தான் நடந்தன. டிசம்பரும் ஜனவரியும் ஏமாற்றிய வருஷத்தில் மார்ச் கைகொடுப்பது அபூர்வமல்ல. உயரமான மலைகளில் பனியின் ஆழம் உச்சத்தைத் தொடுவதே பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைதான் பருவம் என்ற எண்ணத்தை விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நிலவரத்தைச் சரிபார்ப்பது

ரிசார்ட் அறிவிக்கும் பனி ஆழத்தை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். உச்சியில் ஒரு நல்ல இடத்தில் அளந்த எண்ணாக அது இருக்கலாம், உங்கள் பாதைக்கு அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் போகலாம். எத்தனை கிலோமீட்டர் பாதை திறந்திருக்கிறது, அதில் உங்கள் நிலைக்கு ஏற்ற நீலம், பச்சைப் பாதைகள் எவ்வளவு, அடிவாரம் வரை சறுக்கி இறங்க முடியுமா இல்லை லிஃப்ட்டில்தான் இறங்க வேண்டுமா, இதைப் பாருங்கள். திறந்திருப்பது மிகக் கடினமான கறுப்புப் பாதை மட்டும் என்றால் புதியவருக்கு அந்த ரிசார்ட் மூடியிருப்பதாகத்தான் அர்த்தம்.

வெப்கேமை ஒரு முறை பார்த்தால் போதாது. காலை 8 மணிக்கு ஒரு தடவை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பாதையின் நடுவில் பழுப்புத் திட்டு தெரிகிறதா, பகலில் பரப்பு மினுமினுக்கிறதா, மக்கள் எந்த ஓரத்தில் போகிறார்கள் என்று கவனியுங்கள். எல்லோரும் ஒரே ஓரமாக ஒதுங்கிப் போனால் நடுவில் ஐஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நேரத்தில் சறுக்குவது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் காலையில் முதல் ஆளாகப் போ என்ற அறிவுரையைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். அது பகலிலும் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும் நாட்களுக்குச் சரி. அப்போது இரவில் இயந்திரம் ஓட்டிய பாதை காலையில் அருமையாக இருக்கும், கூட்டம் மேல் பனியைச் சுரண்டித் தள்ளத் தள்ள அடியிலுள்ள கெட்டிப் பரப்பு வெளியே வரும். அந்த நாட்களில் சீக்கிரம் போய் மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.

பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள் வேறு. காலையில் பாதை சிமென்ட். பனிக்கட்டி உருண்டைகள் கூடச் சிதறிக்கிடக்கும், அவற்றின் மேல் ஸ்கீ ஏறினால் முட்டி வரை அதிரும். வெயில் ஏற ஏற மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் உறுதியாகவே இருக்கும் ஒரு நேரம் வரும், அதுதான் நமக்கு வேண்டியது. ஸ்கீ பரப்பில் இதமாகப் பிடித்து, எந்த வேகத்திலும் திரும்பும், புதியவருக்கு இதைவிட நல்ல பரப்பு கிடைக்காது. கிழக்கு பார்த்த சரிவில் அது முதலில் வரும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு, ஆகவே வெயிலோடு சேர்ந்து நீங்களும் மலையைச் சுற்றி வர வேண்டும். அந்த நேரம் ஒரு சரிவில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்கூட நிற்காமல் போகலாம். பூட்ஸ் பனிக்குள் புதைய ஆரம்பித்தால் அந்தச் சரிவு முடிந்தது, இடம் மாறுங்கள் அல்லது நிறுத்துங்கள். அதனால் இப்படிப்பட்ட நாளில் காலை 10, 10.30 மணிக்குத் தொடங்கினால் போதும், முன்னதாக வந்துவிட்டால் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

ஸ்கீயைத் தயார் செய்வது

கூர்மையான எட்ஜ் (ஸ்கீயின் அடியோரத்தில் ஓடும் உலோக விளிம்பு) இல்லாமல் இறுகிய பனியில் இறங்காதீர்கள், மற்ற எல்லா அறிவுரையும் இதற்குப் பிறகுதான். நகத்தை எட்ஜின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள், கூர்மையாக இருந்தால் நகத்தைச் சுரண்டும், மழுங்கியிருந்தால் வழுக்கிப் போகும். பெரும்பாலானவர்களுக்குப் பக்க எட்ஜ் 88 டிகிரி, கடினமான பாதையில் அதிகம் போகிறவர்களுக்கு 87 டிகிரி. ட்யூனிங் கடையில் கொடுக்கும்போது கடினமான பனிக்கு வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். வீட்டில் நீங்களே செய்ய முடிந்தது, கல்லில் பட்டு எழும்பிய பிசிறுகளை டைமண்ட் ஸ்டோனால் தேய்த்து எடுப்பதும், ஒவ்வொரு நாள் முடிவிலும் எட்ஜைத் துணியால் துடைத்துக் காயவைப்பதும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் மறுநாளே துரு.

ஸ்கீயின் அடியில் தடவும் மெழுகான வாக்ஸ் விஷயத்தில் பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். ஈரப் பனியில் குளிர்கால வாக்ஸோடு போனால் ஸ்கீ திடீரென்று பிடித்து இழுப்பதுபோல நிற்கும். ஃப்ளோரின் கலந்த வாக்ஸைத் தேடிப் போக வேண்டாம், சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பே தன் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து அதைத் தடை செய்துவிட்டது, சாதாரண ஹைட்ரோகார்பன் வாக்ஸ் நமக்குத் தாராளம்.

வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் நடுப்பகுதி 70 முதல் 80 மில்லிமீட்டர் வரை உள்ள ஒடுக்கமான ஸ்கீயைக் கேளுங்கள். அகலமான ஸ்கீ ஆழப் பனிக்கானது, கெட்டிப் பாதையில் அதை எட்ஜில் நிறுத்தவே கூடுதல் சக்தி போகும். கையில் வாங்கியதும் கடையிலேயே நகச் சோதனையைச் செய்து பாருங்கள், மழுங்கியிருந்தால் தீட்டித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சொந்த ஸ்கீ புதிதாக இருந்தால், பழைய ஸ்கீ ஒரு ஜோடி மலிவாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கல் தெரியும் பாதைக்கென்று ஒரு பழைய ஜோடி வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம், இதைவிடப் பயனுள்ள செலவு மோசமான பருவத்தில் கிடையாது. ஆனால் பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது விடுவிக்கும் பழைய பைண்டிங்கைத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் சோதிக்காமல் காலில் மாட்டாதீர்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், சறுக்கும் நிலை இவற்றை வைத்துத்தான் விடுபடும் அளவை அமைக்க வேண்டும். அடிப்பாகத்தில் சின்னக் கீறல் என்றால் பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்பிவிடலாம். கீறல் உள்மரம் வரை போயிருந்தாலோ எட்ஜ் ஓரமாக இருந்தாலோ கடைக்குக் கொண்டுபோங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் ஸ்கீ பாழ்.

இறுகிய பாதையில் சறுக்குவது

இறுகிய பாதையில் விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், பயத்தில் உடம்பு மலைப்பக்கமாகவும் பின்னாலும் சாய்கிறது. சாய்ந்தவுடன் எடை உள்பக்க ஸ்கீக்குப் போய்விடும், பிடித்து நிற்க வேண்டிய வெளிப்பக்க ஸ்கீ எடையில்லாமல் நழுவும். மென்பனியில் இந்தத் தவறு மறைந்துபோகும், கெட்டிப் பனியில் மறைய வழியே இல்லை. அதனால்தான் மோசமான பருவத்தில் கற்றவர்கள் நன்றாகச் சறுக்குகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரிசெய்யும் வழி இது. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு எப்போதும் பூட்ஸின் முன்நாக்கைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். திருப்பத்தின்போது மேலுடம்பு சற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம், வெளிப்பக்க ஸ்கீயின் மேலே நிற்க வேண்டும், அந்தத் தோள் உயராமல் இருக்கட்டும். சரியாக நிற்கிறீர்களா என்று சோதிக்க, சரிவு குறைந்த பாதையில் திரும்பும்போது உள்பக்க ஸ்கீயின் வால்பகுதியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் எடை சரியான இடத்தில் இருக்கிறது. முடியாவிட்டால் அதுதான் அன்றைய பாடம், அடுத்த நான்கைந்து இறக்கமும் அதையே செய்யுங்கள்.

அடுத்து பக்கவாட்டில் நழுவுவது. சரிவுக்குக் குறுக்காக நின்று, கணுக்காலையும் முழங்காலையும் மட்டும் அசைத்து எட்ஜைத் தளர்த்தி நழுவுங்கள், மெதுவாகப் பிடித்து நில்லுங்கள், மறுபடி தளர்த்துங்கள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நகர்ந்தும் பழகுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் செங்குத்தான ஐஸ் பகுதி எதிரே வந்துவிட்டால் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது இதுதான்.

எட்ஜைத் திடீரென்று அழுத்தாதீர்கள். ஐஸில் வெடுக்கென்று அழுத்தினால் பிடி விட்டுப்போகும், படிப்படியாக அழுத்தினால் பிடிக்கும். பளபளக்கும் ஐஸ் திட்டு வந்தால் அதன் மேல் திரும்பவோ நிறுத்தவோ முயலாதீர்கள், ஸ்கீயைத் தட்டையாக வைத்து, உடம்பைத் தளர்வாக விட்டுக் கடந்துபோய், அதற்கு அப்பால் இருக்கும் பனியில் திரும்புங்கள். கூட்டம் சுரண்டித் தள்ளிய பனி பாதையின் ஓரங்களில் சேர்ந்திருக்கும், திருப்பங்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் பிரேக் போடுவதற்குப் பதில் திருப்பத்தை இன்னும் முழுமையாக முடித்து, ஸ்கீயின் முனை லேசாக மலைமேல் பார்க்கும்வரை விடுங்கள், வேகம் தானாக இறங்கும்.

மதியத்து ஈரப் பனி இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு ஸ்கீயில் மட்டும் முழு எடையும் போட்டால் அது புதைந்துவிடும், இரண்டு ஸ்கீயையும் சற்று நெருக்கமாக வைத்து எடையைப் பகிர்ந்து, பெரிய, வட்டமான திருப்பங்களாகப் போடுங்கள். நிழலிலுள்ள கெட்டிப் பனியிலிருந்து வெயிலிலுள்ள ஈரப் பனிக்குள் நுழையும் கணத்தில் ஸ்கீ மெதுவாகும், உடம்பு அதே வேகத்தில் முன்னே போகும். அந்த எல்லை எங்கே வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, கணுக்காலை மடக்கித் தயாராக இருங்கள். கனமான ஈரப் பனியில் களைத்த காலோடு சறுக்குவது முழங்காலுக்கு நல்லதல்ல. இன்னும் ஒரே ஒரு தடவை என்று தோன்றும்போது லிஃப்ட்டில் இறங்கிவிடுங்கள்.

நெரிசல்

திறந்திருப்பது இரண்டே பாதை, வந்திருப்பது எல்லோரும். பனி குறைந்த நாளில் பாதையின் நிலையைவிட அடுத்தவர் வந்து மோதுவதுதான் எனக்குப் பெரிய கவலை. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். முன்னால், கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். குறுகலான இடத்திலும், மேலே இருந்து பார்க்க முடியாத மேட்டுக்குக் கீழேயும் நிற்கக் கூடாது. விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஓரத்துக்கு நகருங்கள். வார நாட்களும் மதியச் சாப்பாட்டு நேரமும் கொஞ்சம் காலியாக இருக்கும்.

பணம் கட்டும் முன்

சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்து செய்தால் பணம் திரும்பும் தங்குமிடமாக எடுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. முன்பே வாங்கினால் மலிவு என்று நாள் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், மோசமான வருஷத்தில் அந்த மலிவு பெரும்பாலும் கைவிட்டுப் போகும். பனி இல்லாவிட்டால் ஈடு தரும் காப்பீடு இருக்கிறது, ஆனால் எத்தனை லிஃப்ட் மூடினால், எத்தனை நாள் மூடினால், எந்தத் தேதிகளுக்குள் என்ற நிபந்தனைகளைப் படித்த பிறகே நம்புங்கள்.

மலைக்கே போக முடியாதபோது

உள்ளரங்கப் பனிக்கூடங்கள் இப்போது பல நாடுகளில் உண்டு, 2005ல் திறந்த ஸ்கீ துபாய் பாலைவன ஊரிலேயே இருக்கிறது. சரிவு சின்னது, வெப்பநிலை மாறாது, அதனால் மேலே சொன்ன பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்ய அதுவே வசதி. பனியே இல்லாத பிளாஸ்டிக் சரிவுகளும் உண்டு, கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையில் 2019ல் அப்படி ஒன்றைத் திறந்தார்கள். பிளாஸ்டிக்கில் விழுந்தால் தோல் உராய்ந்துபோகும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம், புது ஸ்கீயைக் கொண்டுபோக வேண்டாம். இன்லைன் ஸ்கேட்டிங் சமநிலைக்கு நல்லது. வீட்டில் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

குறுக்கு நாட்டு ஸ்கீயிங்கையும் யோசித்துப் பாருங்கள், சமதளத் தடத்துக்குக் கொஞ்சம் பனி போதும். டாவோஸில் முந்தைய குளிர்காலப் பனியை மரத்தூள் போட்டு மூடிக் கோடை முழுக்கப் பாதுகாத்து, இலையுதிர்காலத்திலேயே அதைப் பரப்பித் தடம் திறந்துவிடுகிறார்கள்.

பாதைக்கு வெளியே போக வேண்டாம்

பனி குறைவு, அதனால் பனிச்சரிவு ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை பெரும்பாலும் நேர்மாறு, ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பனிக்கு அடியில் தரை கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியிலேயே இருக்கும். மேல்பரப்பு ஒரு குளிரிரவில் −15 என்று வைத்துக்கொள்வோம். பனி 2 மீட்டர் இருந்தால் அந்த 15 டிகிரி வித்தியாசம் 2 மீட்டரில் பரவுகிறது, மீட்டருக்கு 7.5 டிகிரி. பனி வெறும் 40 சென்டிமீட்டர் என்றால் அதே வித்தியாசம் மீட்டருக்கு 37 டிகிரிக்கு மேல் ஆகிவிடுகிறது. மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலே நகர்ந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, கோணங்கள் கொண்ட மணிகளாக மாறுகின்றன. கையில் எடுத்தால் சர்க்கரைபோல உதிரும். மெல்லிய பனியும் குளிரான, தெளிந்த இரவுகளும் சேர்ந்த பருவத்தில் மலையின் அடித்தளமே இப்படி ஆகிவிடும், வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாறையைச் சுற்றியும் முகட்டின் ஓரத்திலும் பனி மெலிந்திருப்பதால், ஒரே ஒருவரின் எடைகூட அங்கே அந்த அடுக்கை எட்டி, பெரிய பலகையாகச் சரிவைப் பெயர்த்துவிடும். இதைத் தவிர மறைந்த கற்கள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள். பனியாற்றில் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலமும் இந்த வருஷங்களில் மெலிந்திருக்கும்.

பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள். 3 என்பதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்த நிலையில்தான் நடக்கிறது. பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வெட்டி, தேடுகோல் மூன்றும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும், வழிகாட்டியும் இல்லாமல் பாதையின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் ஒரு திருப்பம்கூட வேண்டாம்.

இந்த எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நாள், வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு முதல் பெரிய பனி விழும் நாள்தான். எல்லோரும் துடிப்போடு வருவார்கள், மலை முழுக்க வெள்ளையாக இருக்கும், ஆனால் அந்தப் புதுப் பனி உட்கார்ந்திருப்பது ஒட்டாத அந்த அடுக்கின் மேல். நேற்றுவரை கண்ணுக்குத் தெரிந்த கற்கள் இன்று 20 சென்டிமீட்டருக்கு அடியில் மறைந்திருக்கும், பாதையின் ஓரத்திலும்கூட. அன்று இயந்திரம் ஓட்டிய பாதையின் நடுவிலேயே சறுக்குங்கள், அன்றைய பனிச்சரிவு அறிக்கையைக் காலையிலேயே படித்துவிடுங்கள், புது ஸ்கீயைக் காரிலேயே விட்டுவிட்டுப் பழைய ஜோடியை மாட்டிக்கொள்ளுங்கள்.